சுவாமிமலையில் ஐந்து நாள், தஞ்சையில் ஒரு நாள்: மெழுகு போன வழியில் செம்பு

முதல் நாள்: ஓலை

சுவாமிமலை, கும்பகோணத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். நகரப் பேருந்து அடிக்கடி உண்டு. முருகனின் நான்காம் படைவீடு என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபது படியேறிக் கும்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் கொஞ்சம் நடந்தால் உலோகத்தின் மேல் அரம் ஓடும் சத்தம் கேட்கும். செப்புத் திருமேனி வார்க்கும் பட்டறைகள் அவை: மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் செம்பை ஊற்றுகிறார்கள். அந்தச் சத்தம் வரும் வாசலில் நின்று, “வார்ப்பு என்றைக்கு?” என்று முதலில் கேளுங்கள். வார்ப்பு தினமும் நடப்பதில்லை. காய்ந்த கருக்கள் (மண் பூசிய மெழுகு உருவங்கள்) போதிய அளவு சேர்ந்த பிறகுதான் உலை மூட்டுவார்கள். அந்த நாளை வைத்துத்தான் மற்ற நாள்களைத் திட்டமிட வேண்டும்.

ஒரு திருமேனி தொடங்கி முடிய வாரங்கள் ஆகும், பெரியதென்றால் மாதங்கள். ஆனாலும் ஐந்து நாளில் எல்லாக் கட்டத்தையும் பார்த்துவிடலாம். ஒரே பட்டறையில் ஒன்று மெழுகாகவும், ஒன்று மண்ணுக்குள்ளும், ஒன்று உளிக்கடியிலும் இருக்கும்.

சிலை செய்யும் ஸ்தபதி குடும்பங்கள் இங்கே வந்தது தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் பணியை ஒட்டி என்பது ஊர் வழக்கு. அவர்களை இங்கேயே இருக்கவைத்த காரணம் காலுக்கடியில் கிடக்கிறது: காவிரியின் வண்டல். அதைப் பற்றி மூன்றாம் நாள்.

வேலை ஒரு தென்னை ஓலைத் துண்டில் தொடங்குகிறது. ஈர்க்கை உரித்துவிட்டு, செய்யப்போகும் திருமேனியின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அளவுப்படி மடித்து மடித்து மடிப்புக்கோடு விழச் செய்கிறார்கள். இதற்கு ஒடியோலை என்று பெயர். இரும்பு அளவுகோல் இருக்கும்போது ஓலை எதற்கு? ஓலை வளையும். இடுப்பொடித்து நிற்கும் உடம்பின் மேல் படுத்துப் போகும். மேலும், மடிப்பில் இருப்பது அங்குலமும் சென்டிமீட்டரும் இல்லை, பங்குகள். ஓர் அடிச் சிலைக்கும் ஐந்தடிச் சிலைக்கும் மடிப்பின் விகிதம் ஒன்றுதான்.

தாளம் என்பது முகத்தை வைத்து உடம்பை அளக்கும் முறை. சிவன், திருமால், பிரமன் மூவருக்கும் உத்தம தசதாளம், பத்துத் தாள முறையில் மேலானது, அதாவது 124 பங்கு. உச்சி முதல் மயிர் எல்லை வரை 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 13½, மார்பிலிருந்து தொப்புள் 13½, அதற்குக் கீழே தொடை தொடங்குமிடம் வரை 13½, தொடை 27, முழங்கால் 4, கீழ்க்கால் 27, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. பிள்ளையாருக்கு ஐந்து தாளம். அதனால்தான் அவருக்குத் தலை பெரிது, கால் குட்டை.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 124 என்றால் உயரம் என்று எண்ணிக்கொண்டு, அம்மன் சிலை சுவாமியைவிட நான்கு பங்கு குட்டை என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படியில்லை. 124-ம் 120-ம் அந்தந்த உடம்பை எத்தனை கூறு போடுவது என்ற கணக்கு. அம்மன் எவ்வளவு உயரம் என்பது வேறு கணக்கு. சுவாமியின் காது, தோள் போன்ற இடங்களை எல்லையாக வைத்து அதைத் தனியே தீர்மானிக்கிறார்கள்.

ஓலை மட்டும் போதாது, தூக்குநூலும் வேண்டும். ஆடவல்லானுக்கு, அதாவது நடராசருக்கு, நெற்றி நடுவிலிருந்து விட்ட நூல் ஊன்றிய பாதத்தில் விழ வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஆட்டம் போய், விழப்போகிறவர் போல ஆகிவிடும்.

இரண்டாம் நாள்: மெழுகு

தேன்மெழுகு நாலு பங்கு, பொடித்த குங்கிலியம் நாலு பங்கு, கடலை எண்ணெய் ஒரு பங்கு. உருக்கி, துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினால் பிசையத் தக்க கட்டி கிடைக்கும். மெழுகு உருவத்தைக் கொடுக்கிறது, குங்கிலியம் விறைப்பைக் கொடுக்கிறது, எண்ணெய் விரலுக்கு இணங்க வைக்கிறது. இந்தக் கணக்கு கல்லில் வெட்டியது இல்லை. சித்திரை வெயிலில் எண்ணெயைக் குறைப்பார்கள், மார்கழிக் குளிரில் கூட்டுவார்கள். குங்கிலியம் மிஞ்சினால் விரல் முறியும், எண்ணெய் மிஞ்சினால் தூக்கிய கை பகலுக்குள் தொங்கும். இப்போது செலவைக் குறைக்கப் பாரஃபினும் கலக்கிறார்கள். வடிவம் வரும், ஆனால் கையில் அந்த இழைவு வராது.

தலை, உடல், கை, கால் எல்லாம் தனித்தனியே உருட்டி, சூடாக்கிய இரும்புக் கோலால் இணைப்பைத் தொட்டு ஒட்டுகிறார்கள். பூணூலும் மணிமாலையும் பலகையில் உருட்டிய மெழுகு இழைகள். பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் இருக்கும். கையில் இல்லாத துண்டு தண்ணீருக்குள் கிடக்க வேண்டும்.

அடையாளங்கள் எல்லாம் மெழுகிலேயே முடிந்துவிட வேண்டும். நடராசரின் மெழுகுக் கருவை உட்கார்ந்து பார்த்தால் எவ்வளவு நுணுக்கம் என்று தெரியும். வலது காதில் ஆணுக்குரிய குழை, இடது காதில் பெண்ணுக்குரிய தோடு. உமையொருபாகன் என்பதை இரண்டு காதிலேயே சொல்லிவிடுகிறார்கள். சடையில் பிறை, கங்கை, ஊமத்தம் பூ, பாம்பு. பின் வலக்கையில் துடி (உடுக்கை), பின் இடக்கையில் தீ. முன் வலக்கை அபயம். முன் இடக்கை யானைத் துதிக்கை போல மார்புக்குக் குறுக்கே வந்து, தூக்கிய பாதத்தைக் காட்டும். ஊன்றிய காலுக்குக் கீழே முயலகன் என்னும் குள்ள அசுரன்.

சைவ சித்தாந்த நூலான உண்மை விளக்கம் இதற்கு ஐந்தொழில் கணக்குச் சொல்கிறது. துடியில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய பாதத்தில் மறைப்பு, தூக்கிய பாதத்தில் அருள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அதே கருவை வார்ப்புக்காரர் கண்ணால் பாருங்கள். துடியைப் பிடித்த விரல்கள், தீயின் நுனி, விரித்த உள்ளங்கை, தூக்கிய கால் விரல்: உருகிய செம்பு கடைசியாகப் போய்ச் சேருமிடங்கள் இவைதாம். வார்ப்பு கெட்டால் முதலில் கெடுவதும் இங்கேதான். உடம்பு நிறைந்து துடி மட்டும் நிறையாமல் வந்த திருமேனியில் ஒரு தொழிலே காணாமல் போகிறது. இந்தப் பயணம் முழுக்கக் கண் வைக்க வேண்டிய இடங்கள் இந்த நுனிகள்.

மெழுகில் நுனிகளைக் கொஞ்சம் பருமனாகவே விடுகிறார்கள், பின்னால் அரம் தின்னப்போகிறது. உலோகமும் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்ற அளவில் சுருங்கும். ஓர் அடி உயரத்தில் ஐந்தாறு மில்லிமீட்டர். தனிச் சிலைக்கு இது பொருட்டில்லை. ஏற்கெனவே இருக்கும் பீடத்தில் பொருத்த வேண்டியதென்றால் முளை துளையில் ஆடும்.

சடைகள் இருபுறமும் விசிறிப் பறக்கும் நடராசருக்குத் திருவாசியை (சுற்றியுள்ள தீ வளையத்தை) பெரும்பாலும் தனியே வார்த்து, பீடத்தின் துளையில் முளையை இறக்கி நிறுத்துகிறார்கள். கடைசியாக, முதுகுப்புறத்தில் மெழுகுக் கோல்களை ஒட்டுகிறார்கள். சில கோல்கள் உலோகம் இறங்கும் வழி, சில காற்று வெளியேறும் வழி. முதுகில் ஒட்டுவதற்குக் காரணம், பின்னால் அறுத்த தழும்பு முன்பக்கம் வரக்கூடாது. காற்றுவழி குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஐந்தாம் நாள் பார்க்கலாம்.

மூன்றாம் நாள்: மண்

முழுக்க முழுக்கக் காத்திருப்பின் நாள். படமெடுக்க ஒன்றும் இல்லை, ஆனால் சிலையின் தோல் இன்றைக்குத்தான் தீர்மானமாகிறது.

முதல் பூச்சு காவிரி வண்டல், கருக்கி அரைத்த உமி, சாணம். சந்தனம் போல் குழைத்து, மெழுகின் ஒவ்வொரு பள்ளத்திலும் புகும்படி விரலால் தடவுகிறார்கள். கனம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். கைரேகை மெழுகில் இருந்தால் வண்டல் அதையும் பிடித்து உலோகத்துக்குக் கொடுத்துவிடும். உமிக்கரி இரண்டு வேலை செய்கிறது. மண் காயும்போது வெடிக்காமல் பார்க்கிறது. சூட்டில் எரிந்து நுண்துளை விட்டு, காற்று கசிய வழி செய்கிறது. வெறும் களிமண்ணைப் பூசினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அது நிழலில் காய்ந்த பிறகு வயல்மண்ணும் மணலும் கலந்த இரண்டாம் பூச்சு. அதுவும் காய்ந்த பின் பருமணல் கூடிய மூன்றாவது. பெரிய கருவென்றால் மூன்றாம் பூச்சுக்குள் இரும்புக் கம்பியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேல்பூச்சு சுருங்கி வெடிக்கும், உள்ளே மெழுகு இளகி உருவம் நெளியும். இரண்டாவது கோளாறு கண்ணுக்கே தெரியாது, மண்ணை உடைத்த பிறகுதான் தெரியும். மழைக்காலத்தில் ஒவ்வொரு பூச்சும் காய நாள் இரட்டிப்பாகும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வருகிறவர்கள் வார்ப்பு தள்ளிப்போகும் என்று தெரிந்தே வர வேண்டும்.

நான்காம் நாள்: உலை

தணலும் புகையும் தாங்கும் பருத்தி உடை, மூடிய செருப்பு. உலைக்குப் பக்கத்தில் நைலான் துணியோடு நிற்கவே கூடாது. கையில் தண்ணீர்ப் புட்டியோடு உலையை நெருங்காதீர்கள். உருகிய செம்பில் கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் ஆவியாக வெடித்து உலோகத்தை நாலாபக்கமும் தெறிக்க வைக்கும்.

செம்பு எவ்வளவு என்பதை மெழுகைக் கட்டும்போதே எடை போட்டு எழுதி வைத்திருப்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்தில், செம்பும் பித்தளையும் மெழுகின் எடையைப்போல் எட்டு மடங்கு என்று இருக்கிறது. இன்றும் எட்டிலிருந்து பத்து மடங்கு வரை வைக்கிறார்கள். கோல்களோடு சேர்த்து மெழுகு இரண்டு கிலோ என்றால் ஒன்பது மடங்கில் 18 கிலோ. கருவின் வாயில் நிற்பதும், உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையில் ஒட்டுவதும் சேர்த்து 20 கிலோ உருக்க வேண்டும். நடுவில் உலோகம் தீர்ந்துபோனால் அந்தக் கருவே போயிற்று. அதனால் கூடுதலாக உருக்குவதில் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

கலவை செம்பு 29 பங்கு, பித்தளை 2, ஈயம் (காரீயம்) 1. இருபது கிலோவுக்குச் செம்பு 18 கிலோவுக்குச் சற்று மேல், பித்தளை ஒன்றேகால் கிலோ, ஈயம் 625 கிராம். பொன்னும் வெள்ளியும் சேர்ந்தால்தான் ஐம்பொன். இவை இரண்டும் பெயரளவுக்கு, செய்யச் சொன்னவர் கையால் மூசையில் போடும் துளி. “ஐம்பொன் என்றால் இவ்வளவு பவுன் தங்கம்” என்று கதை சொல்லி விலை ஏற்றுகிறவர்களை நம்ப வேண்டாம். சோழர் காலத் திருமேனிகளை ஆய்ந்தபோதும் பெரும்பகுதி செம்பு, அதோடு வெள்ளீயமும் காரீயமும்தான்.

செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் 907-லேயே கொதித்து ஆவியாகும். அதனால் பித்தளையைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் போட்டால் வெள்ளைப் புகையாகத் துத்தநாகம் போய்விடும். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும், காற்று வரும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். ஈயம் செம்போடு கரைவதில்லை, இறுகிய உலோகத்துக்குள் பொட்டுப் பொட்டாய் நிற்கும். அளவாக இருந்தால் உலோகம் நன்றாக ஓடும், உளியும் இதமாக இறங்கும். அதிகமானால் அடியில் தங்கும், மேலே சாம்பல் திட்டுத் திட்டாய்க் கசியும். மூசையின் வாயில் கரித்தூள் தூவியிருப்பார்கள். காற்று பட்டுச் செம்பு கருகாமல் இருக்கத்தான்.

ஒருபுறம் மூசை உலையில் இருக்கும்போதே இன்னொருபுறம் வறட்டித் தணலில் கருக்களை வாய் கீழாகச் சாய்த்துச் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிவந்து பாத்திரத்தில் சேரும், மறுபடி பயன்படும். மண்ணில் ஊறி மிஞ்சியது தணலில் எரிய வேண்டும். முழுக்க எரியாமல் மிஞ்சிய மெழுகு, செம்பு பட்ட நொடியில் வாயுவாகிக் குமிழ் விடும். வாய்க்குள் எட்டிப் பார்த்தால் உள்சுவர் செந்தணலாக இருக்க வேண்டும். புகை இருந்தால் இன்னும் நேரமாகவில்லை.

பின்பு சுடச்சுட எடுத்துக் குழியில் வாய் மேலாக வைத்து, சுற்றிலும் மண் போட்டு மிதித்து இறுக்குகிறார்கள். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் செம்பின் பாரம் கருவைப் பிளந்துவிடும். இதையெல்லாம் ஓட்டமும் நடையுமாகச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. கரு ஆறிவிட்டால், செம்பு விரல் நுனிவரை போவதற்குள் வழியிலேயே உறைந்துவிடும். துடியும் தீயும் கிடைப்பதும் கிடைக்காததும் இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

கசடை ஒதுக்கிவிட்டு ஊற்றுவது மெல்லிய, அறாத ஒழுக்கு. கை நடுங்கி ஒழுக்கு அறுந்து மறுபடி தொடர்ந்தால், முன்னால் போனதும் பின்னால் போனதும் ஒட்டாது. உடம்பில் கோடு விழும். காற்றுவழியில் செம்பு எட்டிப் பார்த்தால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஊற்றும்போது யாரும் பேசுவதில்லை. பயபக்தி ஒருபுறம், “நிறுத்து” என்ற சொல் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்பது இன்னொருபுறம்.

ஐந்தாம் நாள்: உடைப்பு, உளி

சிறியது மறுநாள், பெரியது சில நாள் கழித்து. சூட்டோடு தண்ணீர் ஊற்றி அவசரப்படுத்தினால் மெல்லிய இடங்களில் கீறல் விழும். தலைப்பக்கம் மண்ணை முதலில் தட்டுவது வழக்கம். கருவை உடைத்தாக வேண்டியிருப்பதால் ஒரே கருவில் இரண்டாவது திருமேனி கிடையாது.

வெளியே வருவது கறுத்துப்போய், முதுகில் கோல்கள் துருத்திக்கொண்டு, முள்ளம்பன்றி போல இருக்கும். இந்த நிலையில் பார்த்தால்தான் கோளாறுகளைப் படிக்க முடியும். உருண்டையான சிறு குழிகள் என்றால் வாயு. மெழுகோ ஈரமோ மிஞ்சியிருக்கிறது. விரல் மொட்டையாக மழுங்கி நின்றால் காற்று வெளியேற வழியில்லை, அல்லது கரு ஆறிவிட்டது. கத்திமுனை போல் மெல்லிய தகடு பக்கவாட்டில் நீட்டினால் மண் வெடித்து அதில் செம்பு புகுந்திருக்கிறது. தகட்டை அறுத்து எறிந்துவிடலாம், சிறு குழியை அடைக்கலாம், விரலையும் மறுபடி மெழுகு வைத்து ஒட்டி வார்க்கலாம். முகத்தில் கோடு விழுந்தால் மறுவார்ப்புதான். வழிபாட்டுக்குப் போகும் திருமேனியில் ஒட்டுவேலையை ஏற்பதில்லை.

உளி, அரம், உப்புத்தாள் என்று வாரக்கணக்கில் ஓடும் வேலை இது. பழைய திருமேனிகளில் அணிகலன்களை மெழுகிலேயே முடித்து, வார்த்த பிறகு கொஞ்சமாகத் தொட்டிருக்கிறார்கள். இன்று பாதி அலங்காரம் உளியில்தான் பிறக்கிறது. எங்கள் கணிப்பில் பழைய திருமேனிகளின் வளைவுகள் இளகி ஓடுவதற்கும், இப்போதையவை விறைப்பாகப் பளிச்சிடுவதற்கும் இந்த ஒரு வேறுபாடே பெரும் காரணம். புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்துக் கழுவி மெருகேற்றுவது கடைசி. கோயிலுக்குப் போகும் திருமேனிக்குக் கண் மட்டும் மிச்சம் இருக்கும். அதைச் சடங்கோடு, பொன் ஊசியால் திறப்பார்கள்.

வாங்குகிறவர்களுக்கு: முன்பக்கத்தைக் கடைக்காரர் காட்டுவார், நீங்கள் முதுகையும் பீடத்தின் அடியையும் பாருங்கள். அடைத்த குழிகளின் நிறம் லேசாக மாறியிருக்கும். தலைக்குப் பின்னாலுள்ள சிரச்சக்கரத்தின் இதழ்கள் தெளிவாக இருந்தால் மெழுகு வேலையில் அக்கறை இருந்திருக்கிறது. மஞ்சள் தூக்கலாக இருந்தால் பித்தளை கூடுதல், அதற்கேற்ற விலை பேசலாம். பழமை ஏற்றிக் கறுக்க வைத்ததை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. நூறாண்டு தாண்டியதை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் வெளியே கொண்டுபோக முடியாது.

ஆறாம் நாள்: தஞ்சாவூர்

பட்டறையைப் பார்த்த கண்ணோடு தஞ்சைக்குப் போக வேண்டும். காலையில் பெரிய கோயில். ராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் கொடுத்த செப்புத் திருமேனிகளைக் கல்வெட்டுகள் அளந்து எழுதியிருக்கின்றன. ‘பாதாதி கேசாந்தம்’ என்று அடி முதல் முடி வரை முழமும் விரலும், எத்தனை கை, பீடம் எவ்வளவு, காலடியில் முசலகன் (முயலகன்) உண்டா என்பது வரை. வார்ப்புக்காரருக்கு இனிக்கும் இரண்டு சொற்கள் அதில் உண்டு: கனமாகச் செய்தது, பொள்ளலாகச் செய்தது. உள்ளே திண்ணென்று நிறைந்த வார்ப்பும், மண்கருவின் மேல் மெழுகு போர்த்திய உட்கூடான வார்ப்பும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்குப்பிள்ளை இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறார். சுவாமிமலையில் வழிபாட்டுத் திருமேனிகளுக்கு இன்றும் கன வார்ப்புதான்.

பிற்பகல் அரண்மனை வளாகத்தில் உள்ள கலைக்கூடம். திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகன தேவரை (காளையோடு நிற்கும் சிவனை) நிதானமாகப் பாருங்கள். 1011-ஆம் ஆண்டுத் திருமேனி, பக்கத்தில் நிற்கும் தேவி அதற்கு அடுத்த ஆண்டு. சடையைப் பாம்புகளோடு தலைப்பாகை போலச் சுற்றி, ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே வைத்து, காளையின் மேல் கையைச் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை. அதைத் தனியே வார்த்திருந்தார்கள், தனியே தொலைந்தும் போயிற்று. சாய்ந்த கையின் விரல்கள் மட்டும் காளையின் உயரத்தில், வெறுங்காற்றின் மேல் தளர்ந்து கிடக்கின்றன. அந்த விரல்களில் ஒன்றுகூட மழுங்கவில்லை.

திருவாசி இல்லாத நடராசர்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பீடத்தின் இருபுறமும் முளை இறங்கும் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சதுர பீடத்தில் வளையமோ துளையோ இருந்தால் தண்டு கோத்து உலாவுக்குத் தூக்கிய திருமேனி. முகம் தேய்ந்து மழமழவென்று இருப்பவை நெடுங்காலம் திருமஞ்சனம் கண்டவை. மண்ணுக்குள் புதைந்து கிடந்து மீண்டவற்றின் புருவமும் உதடும் இன்னும் மெழுகில் விட்ட கூர்மையோடு இருக்கும்.